பழைய ஜெர்மன் டிஷ்வாஷர் வாங்கினேன், இ.எல்.சி.பி. நிற்க மாட்டேன் என்கிறது

#1 டப்பாடைமர் (ஆயிர் ஈத்தாம், பினாங்கு)

வணக்கம். ரேடியோ, மேசைக் காற்றாடி, தையல் மெஷின் என்று பழைய சாமான் சேர்க்கிற ஆள் நான். இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாகவே மாட்டிக்கொண்டேன்.

தஞ்சோங் பூங்காவில் ஒரு பழைய பங்களாவை இடிக்கப் போகிறார்கள். அந்த வேலையை எடுத்த குத்தகைக்காரர் தெரிந்தவர். "பின்பக்கச் சமையல்கட்டில் ஒரு பெட்டி கிடக்கிறது, வாஷிங் மெஷினும் இல்லை, அடுப்பும் இல்லை. பழைய இரும்பு லோரி வருவதற்குள் வந்து பார்" என்றார். போய்ப் பார்த்தால் டிஷ்வாஷர். வீட்டில் கடைசியாக இருந்தவர்கள் அதை வெங்காயப் பெட்டியாக வைத்திருந்திருக்கிறார்கள். மேல் தட்டு முழுக்க வெங்காயச் சருகு, கீழ்த் தட்டில் ஓர் எலிப்பொறி. எலி இல்லை.

சும்மா ஒரு தடவை முன்னால் இருக்கிற குமிழைத் திருப்பினேன். டக், டக், டக் என்று ஒவ்வொரு பல்லாக உட்கார்ந்து நகர்ந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன், வேறு காரணம் சொன்னால் பொய்.

பின்னால் உள்ள தகட்டில் மேற்கு ஜெர்மனியில் செய்தது என்று இருக்கிறது, ஆக 1990க்கு முந்தியது. 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மொத்தம் 3.0 கிலோவாட், அதில் ஹீட்டர் மட்டும் 2.8. பிராண்டு பெயரைப் போட மாட்டேன். போட்டால் இழை முழுக்க அந்தக் கம்பெனியைப் பற்றிய சண்டையாகிவிடும்.

பழைய பிளக்கை வெட்டிவிட்டு நல்ல 13 ஆம்பியர் பிளக் போட்டேன். குழாய் மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். தண்ணீர் ஏறியது, பம்ப் மூன்று நிமிடம் பாடியது, ஹீட்டர் எடுத்தவுடன் இ.எல்.சி.பி. (கரண்டு கசிந்தால் வெட்டிவிடுகிற சுவிட்ச்) விழுந்து வீடு முழுக்க இருட்டு. அம்மா பார்த்துக்கொண்டிருந்த நாடகமும் போயிற்று. மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் இதே கதை. என்ன செய்யலாம்?

#2 சும்மாதான் (கோலாலம்பூர்)

இரண்டு கை இருக்கிறதே அண்ணே, அதற்கு 150 வெள்ளி கேட்கிறார்களா?

#3 பிறை வயர்மேன்

முதலில் ஒரு வார்த்தை. இ.எல்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதை பைபாஸ் செய்து ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் இருக்கிற சாமான் இது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஹீட்டர் எடுத்தவுடன் விழுகிறது என்றால் பெரும்பாலும் ஹீட்டர்தான். குழாய்க்குள் கம்பிச் சுருள் இருக்கும், சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் இறுக்கி அடைத்திருக்கும். அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். இருபது, முப்பது வருடம் பினாங்கு ஈரக்காற்றில் ஓடாமல் கிடந்தால் இரண்டு முனையின் அடைப்பு வழியாகவும் ஈரம் உள்ளே போயிருக்கும். கம்பி உடைந்திருக்காது, உடம்புக்குக் கசிவு மட்டும் இருக்கும்.

ஹீட்டரைக் கழற்றி இரண்டு அளவு எடுத்துப் போடுங்கள். முனைக்கும் முனைக்கும் எத்தனை ஓம், முனைக்கும் குழாய் உடம்புக்கும் எத்தனை ஓம்.

#4 டப்பாடைமர்

முனைக்கு முனை 17 ஓம் சொச்சம். உடம்புக்கு 10 கிலோ ஓம்.

@சும்மாதான்: கை இருக்கிறது, கையில் மனைவியும் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்.

#5 பிறை வயர்மேன்

கம்பி நலம். 220 வோல்ட்டில் 2.8 கிலோவாட் என்றால் 17.3 ஓம் வரவேண்டும், வந்திருக்கிறது.

கசிவைப் பாருங்கள். 240ஐப் பத்தாயிரத்தால் வகுத்தால் 24 மில்லி ஆம்பியர். உங்கள் இ.எல்.சி.பி. 30 மில்லியில் விழ வேண்டியது, ஆனால் பாதியைத் தாண்டினாலே விழலாம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

கேக் சுடுகிற ஓவன் இருக்கிறதா? 110 டிகிரியில் நான்கு மணி நேரம். முனையில் ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆறியதும் உடனே முனைகளை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பவும் குடிக்கும். வெயிலில் காய வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், போதாது.

#6 செந்தூல் பட்டறை (கோலாலம்பூர்)

தம்பி, நான் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டிஷ்வாஷர் பற்றித் தெரியாது, ஆனால் பம்பும் மோட்டாரும் எங்கே இருந்தாலும் பம்பும் மோட்டாரும்தான்.

நீங்கள் செய்த முதல் தப்பு, நேரே சுவிட்சைத் தட்டியது. இவ்வளவு வருடம் நின்ற மோட்டாரை முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தண்டு ஒட்டிப் போயிருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், சுருள் கருகிவிடும். பம்பின் தண்டில் ஒரு சீல் இருக்கும். கரி வளையம் ஒன்று, பீங்கான் வளையம் ஒன்று, இரண்டும் முகத்தோடு முகம் தேய்ந்து ஓடும். தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். வறட்சியாக ஓட்டினால் ஒரு நிமிடத்தில் கீறல் விழும். அடுத்த தடவை இரண்டு குவளை தண்ணீரை உள்ளே ஊற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டாவது, மோட்டார் பக்கத்தில் உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும். 1970களில் செய்தது என்றால் உள்ளே இருப்பது பிசிபி என்ற நச்சு எண்ணெயாக இருக்கலாம். அமெரிக்காவில் 1979இல் அதைத் தடை செய்தார்கள். கசிகிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள், அறுத்துப் பார்க்க வேண்டாம். அதே மைக்ரோபராட், அதே வோல்ட்டேஜில் புதிது இருபது வெள்ளிக்குள் கிடைக்கும்.

#7 60சைக்கிள் (பெட்டாலிங் ஜெயா)

வயிறு எரிகிறது. 50 ஹெர்ட்ஸ் மெஷின் கையில் வைத்துக்கொண்டு அழுகிறீர்கள். என்னிடம் இருப்பது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கிச்சன்எய்ட். உள்ளே நீல நிறப் பீங்கான் பூச்சு, அழகென்றால் அழகு. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 3000 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன், சரி, முடிந்தது என்று நினைத்தேன். மோட்டார் பத்து நிமிடத்தில் தொட முடியாத சூடு. தண்ணீர் பீச்சுவதும் சோம்பலாக இருக்கிறது. ஒரு மணி நேரச் சுற்று ஒரு மணி 12 நிமிடம் ஓடுகிறது.

ஆனாலும் விட மனமில்லை. ஜோசஃபின் காக்ரேன் என்ற அம்மாள் 1886இல் தட்டுக் கழுவும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார், 1893 சிகாகோ கண்காட்சியில் அந்த மெஷின்கள்தான் உணவுக்கூடங்களில் தட்டுக் கழுவின. வேலைக்காரர்கள் கழுவும்போது பீங்கான் தட்டின் ஓரம் உடைகிறது என்ற கடுப்பில் ஆரம்பித்தாராம். அவருடைய கம்பெனியை 1926இல் ஹோபார்ட் வாங்கியது, 1949இல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு மெஷின் வந்தது. அந்தப் பரம்பரை என் சமையல்கட்டில் நிற்கிறது. ஓடத்தான் மாட்டேன் என்கிறது.

#8 செந்தூல் பட்டறை

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் குறைக்கும், சைக்கிளை (ஹெர்ட்ஸை) மாற்றாது. 60இல் ஓட வேண்டியது 50இல் ஓடினால் ஆறில் ஐந்து பங்கு வேகம். டைமரில் இருப்பதும் அதே சைக்கிளை எண்ணி ஓடுகிற மோட்டார்தான், அதனால்தான் 60 நிமிடம் 72 ஆகிறது. பம்பில் தண்ணீரின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் குறையும். ஆறில் ஐந்தை ஆறில் ஐந்தால் பெருக்குங்கள், நூற்றுக்கு 69தான் மிஞ்சும். பீச்சுவது சோம்பலாகத்தான் இருக்கும்.

சூடு ஏன் என்றால், சைக்கிள் குறையும்போது வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 120க்கு 100. டிரான்ஸ்ஃபார்மரில் 100 வோல்ட் எடுக்கிற தனி முனை இருந்தால் மோட்டாருக்கு மட்டும் அதைக் கொடுங்கள், ஜப்பான் சாமானுக்கு விற்பதில் இருக்கும். ஹீட்டருக்கு 120 வோல்ட்டே இருக்கட்டும். அதற்கு சைக்கிள் பற்றிக் கவலையே இல்லை. டைமரின் மோட்டாரும் 100க்குப் போகட்டும்.

#9 60சைக்கிள்

ஐயா, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?

#10 செந்தூல் பட்டறை

செந்தூலில்தான்.

#11 டப்பாடைமர்

ஓவன் வேலை செய்தது. அம்மாவின் கேக் ஓவனில் நான்கு மணி நேரம். ஆறிய பிறகு மல்டிமீட்டரில் அளவே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிறை வயர்மேன் அண்ணன் ஃபெரி ஏறி மெகரோடு (கசிவை அளக்கிற மீட்டர்) வந்தார், 500 வோல்ட்டில் 30 மெகா ஓம் காட்டியது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றால் கேட்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

அவர் போன பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டக் கூடாது. ஓட்டிப் பார்த்தேன். இ.எல்.சி.பி. விழவில்லை. தண்ணீர் ஏறியது, சுற்றியது, சூடானது. குமிழ் ஏழாவது கோட்டில் போய் நின்றுவிட்டது. டக் என்ற சத்தமே இல்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். கதவு ஓரத்தில் ஆவி. ஏதோ கருகிய வாசனை. பார்த்தால் மெஷின் இல்லை, சுவரில் இருந்த பிளக். லைவ் முள் பக்கம் பழுப்பாகி, பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி மேலெழும்பி இருந்தது. பியூஸ் மட்டும் அப்படியே இருக்கிறது.

டைமர் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

#12 பிறை வயர்மேன்

நான் பாலம் தாண்டுவதற்குள் ஓட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் வெட்டிப் போட்ட பழைய பிளக் எப்படி இருந்தது? முள் தட்டையா, உருண்டையா?

#13 டப்பாடைமர்

உருண்டை. மூன்று தடித்த முள். பழைய காலத்துச் சாமான் என்று நினைத்தேன்.

#14 பிறை வயர்மேன்

அது 15 ஆம்பியர் பிளக். ஏர்கானுக்குப் போடுகிறார்களே, அதே ஜாதி. அதை மாட்டியவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

தகடு 220 வோல்ட்டுக்கு எழுதியது. நம் வீட்டில் தாளில் 230 என்று இருந்தாலும் மீட்டர் வைத்தால் 240 பக்கம்தான் நிற்கும். 17.3 ஓம் ஹீட்டர் 240இல் 2.8 கிலோவாட் எடுக்காது, 3.3 எடுக்கும். கிட்டத்தட்ட 14 ஆம்பியர். பம்ப் மோட்டாரையும் சேர்த்தால் 15ஐ உரசும். 13 ஆம்பியர் பியூஸ் அதற்கு உடனே போகாது, மணிக்கணக்கில் தாங்கும். தாங்காதது பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் பிடியும். உங்கள் சாக்கெட்டையும் மாற்றியாக வேண்டும், உள்ளே கம்பி கருகியிருக்கும்.

தனி லைன் இழுத்து, தனி பிரேக்கர் போட்டு, டபுள் போல் சுவிட்ச் (லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது) வையுங்கள். அதைப் போட உங்களுக்கு உரிமம் கிடையாது, நான் வருகிறேன். இந்த முறை சாப்பிடுகிறேன்.

#15 சும்மாதான்

150 வெள்ளி மெஷினுக்கு இதுவரை எவ்வளவு ஆயிற்று அண்ணே? கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

#16 மங்குகழுவி (பட்டர்வொர்த்)

@சும்மாதான்: இந்த இழையில் உங்கள் இரண்டு பதிவும் கையைப் பற்றியும் காசைப் பற்றியும்தான். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு முடிந்து இரவு பதினொரு மணிக்கு எண்பது தட்டு, நூறு குவளை, மூன்று அண்டாவோடு குழாயடியில் நின்றிருக்கிறீர்களா? என் அம்மா நின்றார், அப்புறம் நான் நின்றேன். விருந்தாளிகள் ஹாலில் கராவோக்கே பாடிக்கொண்டிருப்பார்கள்.

நான் பத்து வருடமாகப் புது மெஷின் வைத்திருக்கிறேன், நம் சமையலுக்கு என்ன ஆகும் என்று தெரியும் என்பதால் எழுதுகிறேன். மஞ்சள் எதையும் விடாது. பிளாஸ்டிக் டப்பா, கரண்டியின் ரப்பர் பிடி, கதவின் ரப்பர், எல்லாம் மீன் குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். சில்வர் தட்டு, டம்ளர் பளிச்சென்று வரும். அலுமினியச் சட்டி ஒரே கழுவலில் கறுத்து மங்கும், திரும்பாது. பித்தளை விளக்கை வைக்கவே கூடாது, அதை என் நாத்தனார் வைத்தார், இன்னும் பேசிக்கொள்வதில்லை. தேங்காய்ப்பால் எண்ணெய் ஃபில்டரில் பிசுக்காக நிற்கும். தட்டை வழித்துப் போட்டுவிட்டு அடுக்க வேண்டும், கழுவிவிட்டு அடுக்க வேண்டியதில்லை.

தம்பி, கீழே ஒரு திருகு மூடி இருக்குமே, உப்புப் போடுகிற குழி. அதில் என்ன இருக்கிறது பார்த்தீர்களா?

#17 டப்பாடைமர்

பார்த்தேன் அக்கா. கல் மாதிரி உறைந்த ஒரு கட்டி. சமையல் உப்பு போட்டிருப்பார்கள் போல. வெந்நீர் ஊற்றி இரண்டு நாள் ஊற வைத்துத்தான் கரைத்தேன். திரும்ப உப்புப் போட வேண்டுமா?

#18 மங்குகழுவி

பினாங்குத் தண்ணீருக்குத் தேவையே இல்லை. அந்த உப்பு தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடிக்கிற பிசினைக் கழுவத்தான். நம் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரும் அணைத் தண்ணீரும், மென்மையானது. ஐரோப்பாவில் பல ஊரில் நிலத்தடியிலிருந்து சுண்ணாம்போடு எடுப்பதால் அந்த ஏற்பாடு. குமிழ் இருந்தால் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள்.

இங்கே தொல்லை நேர்மாறு. மென்மையான தண்ணீரில் பவுடரை அள்ளிப் போட்டால் கண்ணாடிக் குவளை மெல்ல மெல்லப் பால் படிந்த மாதிரி ஆகிவிடும். வெள்ளைப் படிவு என்றால் சிட்ரிக் ஆசிட்டில் போகும், இது கண்ணாடியே அரித்துப் போவது, போகாது. பொட்டலத்தில் சொன்னதில் பாதி போதும். மாத்திரை வேண்டாம், பவுடர்தான். அளவைக் குறைக்க முடியும். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், நுரை பொங்கி சமையல்கட்டுத் தரைக்கு வரும், பம்பும் தண்ணீருக்குப் பதில் நுரையை அடித்துக்கொண்டிருக்கும்.

#19 சும்மாதான்

அக்கா, தீபாவளிக்கு வந்து கழுவித் தருகிறேன். மன்னிக்கவும்.

#20 சிப்புக்காரன் (சைபர்ஜெயா)

டைமர் ஏழில் நின்றுவிட்டது என்றால் எதற்குத் திண்டாட்டம்? அதைத் தூக்கிவிட்டு ஒரு ஈஎஸ்பி32 (புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்னச் சில்லுப் பலகை), ஆறு ரிலே, ஒரு வெப்ப சென்சார். மொத்தம் 60 வெள்ளி. ஃபோனில் இருந்தே ஓட்டலாம், ஒவ்வொரு கட்டமும் எத்தனை நிமிடம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வேலை. வேண்டுமானால் புரோகிராம் எழுதித் தருகிறேன்.

#21 டப்பாடைமர்

தம்பி, அன்புக்கு நன்றி. ஆனால் நான் அந்த டக் சத்தத்துக்குத்தான் இதை வாங்கினேன் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். அதை எடுத்தால் மிஞ்சுவது எலிப்பொறி வைக்கிற பெட்டிதான்.

#22 சிப்புக்காரன்

சத்தத்தை ஸ்பீக்கரில் போடலாம்.

#23 60சைக்கிள்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், டப்பாடைமர் அண்ணன் மரியாதையான ஆள். ஸ்பீக்கரில் டக் சத்தம் வருகிற மெஷினை என் வீட்டு வாசலில்கூட வைக்க மாட்டேன். உள்ளே சில்லு, வெளியே பழைய தகரம் என்றால் அது வேஷம். ஓடவே ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும்.

#24 பிறை வயர்மேன்

நான் பாதிவரைதான் ஒத்துப்போவேன். துணி சுற்றிய வயர், காய்ந்து உதிர்கிற ரப்பர் இன்சுலேஷன், இதெல்லாம் ஒரிஜினல் என்று விட்டுவைத்தால் கருமாதிக்கும் ஒரிஜினலாகவே போகலாம். கரண்டு ஓடுகிற கம்பியை மாற்றுங்கள். டைமர், குமிழ், தட்டு, தொட்டி, அதெல்லாம் உங்கள் இஷ்டம்.

#25 செந்தூல் பட்டறை

சண்டை போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். டைமர் போய்விட்டது என்று யார் சொன்னது?

தம்பி எழுதியதைத் திரும்பப் படித்தேன். தண்ணீர் சூடாகிக்கொண்டே போனது, குமிழ் மட்டும் நகரவில்லை, கதவு ஓரத்தில் ஆவி. மருமகளிடம் சொல்லி ஒரு பழைய ஐரோப்பிய மெஷினின் வயரிங் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் சூடாக்கும் கட்டத்தில் டைமரின் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. தண்ணீர் 65 டிகிரியைத் தொட்டதும் ஒரு தெர்மோஸ்டாட் மூடிக்கொள்கிறது, அதன் பிறகுதான் டைமர் நடக்க ஆரம்பிக்கிறது. எவ்வளவு நேரம் ஆனாலும் சூடாகும்வரை காத்திருக்கிற ஏற்பாடு. 1970களில் சில்லு இல்லாமலே செய்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் டைமர் ஏழாவது கோட்டில் யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. தொட்டியின் அடியில், தட்டையாகப் பொத்தான் மாதிரி இரண்டு வயரோடு ஒட்டியிருப்பதைக் கழற்றுங்கள். ஒரு சட்டி வெந்நீரில் முகத்தை மட்டும் தொடவிட்டு, மீட்டரை முனையில் வையுங்கள். 65 தாண்டியும் மூடவில்லை என்றால் குற்றவாளி அதுதான். ஒன்றுக்கு மேல் இருந்தால் எது எங்கே என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். சூடு எல்லை மீறினால் வெட்டிவிடுகிற ஒன்றும் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

டைமரின் உள்ளே உள்ள கான்டாக்டைச் சுத்தம் செய்ய உப்புத்தாள் போடக் கூடாது. வெள்ளிப் பூச்சு போய்விடும். விசிட்டிங் கார்டைத் துண்டு வெட்டி, கான்டாக்ட் கிளீனரில் நனைத்து, இடையில் விட்டு இழுங்கள்.

#26 டப்பாடைமர்

ஐயா, 80 டிகிரி வரை சூடாக்கினேன். மூடவே இல்லை. குற்றவாளி அதுதான்.

டைமர் மோட்டாருக்கு நேரடியாகக் கரண்டு கொடுத்தேன். டக். எட்டாவது கோடு. அம்மா உள்ளே இருந்து "என்னடா" என்றார், நான் கத்திவிட்டேன் போல.

#27 60சைக்கிள்

கோலாலம்பூர் ஜாலான் பசாரில் இந்த வட்டத் தெர்மோஸ்டாட் கிடைக்கும், கேஎஸ்டி 301 என்று கேளுங்கள். ஒன்று இரண்டு வெள்ளிதான். முக்கியமாக, சூட்டில் மூடுகிற வகையா, திறக்கிற வகையா என்று பார்க்க வேண்டும். கடையில் பெரும்பாலும் திறக்கிறதைத்தான் எடுத்துத் தருவார்கள். நான் நாளை புடு பக்கம் போகிறேன், 65 டிகிரி, மூடுகிற வகை, மூன்று வாங்கி உங்களுக்கு அஞ்சலில் போடுகிறேன். காசு வேண்டாம், 100 வோல்ட் யோசனை இந்த இழையில்தான் கிடைத்தது. என் மோட்டார் இப்போது கை வைக்கிற சூட்டில் ஓடுகிறது.

#28 மங்குகழுவி

ஒரு சந்தேகம், மெஷினுக்குச் சம்பந்தமில்லாதது. அந்த பங்களாவில் யார் இருந்தார்கள்? பட்டர்வொர்த் விமானத்தளம் 1988 வரை ஆஸ்திரேலியர்கள் கையில் இருந்தது, நிறையக் குடும்பங்கள் தீவில்தான் வீடெடுத்திருந்தன. என் அப்பாவின் சித்தி ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தார். அவர்கள் விட்டுப் போனதாக இருக்குமோ?

#29 டப்பாடைமர்

பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதைத்தான் சொன்னார் அக்கா, வெள்ளைக்கார பைலட் குடும்பம் என்று.

#30 பிறை வயர்மேன்

கதையைக் கெடுக்க மனமில்லை, ஆனால் ஆஸ்திரேலியாவில் அப்போது 240 வோல்ட். அங்கே விற்ற மெஷினில் தகடு 220 என்று இருக்காது. இது ஐரோப்பாவில் ஓடுவதற்காகச் செய்தது, யாரோ சாமானோடு சாமானாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் ஆரம்பித்தபோது முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளில் போஷும் ஒன்று. ஜெர்மன் இஞ்சினியர் குடும்பம் ஏதாவது தஞ்சோங் பூங்காவில் இருந்திருக்கலாம். உருண்டை முள் பிளக் மாட்டியது உள்ளூர் வயர்மேன்தான், அது மட்டும் எனக்கு நிச்சயம். கம்பியை முறுக்கித் திருகிய விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

#31 டப்பாடைமர்

இரண்டு வாரமாகப் பதில் எழுத முடியவில்லை. கசிவோடு போராடிக்கொண்டிருந்தேன்.

எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய தமிழ் நேசன் கட்டு ஒன்று இருக்கிறது, 2019இல் பத்திரிகை நின்ற பிறகு அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. அதிலிருந்து விளம்பரப் பக்கங்களாகப் பார்த்து எடுத்து மெஷின் அடியில் நான்கு மூலைக்கும் விரித்தேன். ஒரு சுற்று ஓட்டி இழுத்துப் பார்த்தால் இரண்டு ஈர வட்டம். ஒன்று கதவுக்கு நேர் கீழே, ஐந்து காசு அளவு. மற்றது மோட்டாருக்குக் கீழே, தட்டு அளவு, நடுவில் கரிப்பொடிக் கறுப்பு. செந்தூல் ஐயா சொன்ன கரி வளையம் தேய்ந்த பொடி.

பம்பைக் கழற்றினேன். சீல் உட்காருகிற இடத்தில் தண்டு 12 மில்லி. ஜோர்ஜ்டவுனில் பம்ப் சாமான் விற்கிற கடைக்குச் சீலோடு போனேன். தவுக்கே (கடை முதலாளி) அதை வாங்கி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு நொடி பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பின்னால் திரும்பி மூன்றாவது இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார். 18 வெள்ளி. சரியாக உட்கார்ந்தது. பேரிங்கில் 6202 என்று எண்ணே வெட்டியிருந்தது, அதுவும் அங்கேயே. ஜெர்மனியிலிருந்து வரவழைக்க வேண்டுமோ என்று பயந்த இரண்டும் அரை மணி நேரத்தில் முடிந்தது.

கதவு ரப்பர்தான் படுத்தியது. ஒரு கடையில் ரப்பர் நாடா கொடுத்தார்கள், நான்கு சுற்றில் மெழுகு மாதிரி ஊறி வீங்கிவிட்டது.

#32 சும்மாதான்

ரப்பர் விளைந்த நாட்டில் ரப்பருக்கு அலைச்சல்.

#33 செந்தூல் பட்டறை

நான் தோட்டத்தில் பிறந்தவன், ரப்பரைப் பற்றிப் பேசலாம். பால் ரப்பர் இழுவைக்கு ராஜா, ஆனால் எண்ணெய் பட்டால் ஊதும், சூட்டில் பிசுபிசுக்கும், காற்றிலேயே வெடிப்பு விடும். தம்பி, ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் நாடா கேளுங்கள். வெந்நீரும் சோப்புக் காரமும் அதை ஒன்றும் செய்யாது. பழைய ரப்பரின் குறுக்கு வெட்டைப் படம் எடுத்துக் காட்டினால் லோரிக் கதவு, குளிர்பெட்டிக் கதவு ரப்பர் விற்கிறவர்களிடமே கிடைக்கும். மூட்டு கீழே வரக் கூடாது, மேல் விளிம்பில் வரட்டும்.

#34 டப்பாடைமர்

கிடைத்தது. பிறையில், லோரி ரப்பர் கடையில். மூட்டு மேலே.

நேற்று இரவு முழுச் சுற்று. தனி லைன், தனி பிரேக்கர், வயர்மேன் அண்ணன் மேற்பார்வை. சாப்பிட்ட தட்டுகளையே வைத்தோம், பன்னிரண்டு சில்வர் தட்டு, மீன் கறி. ஏழாவது கோட்டில் நின்றது. எல்லோரும் பேசாமல் நின்றோம். 23 நிமிடம் கழித்து டக். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சோறு கேட்டார். மொத்தம் ஒரு மணி 34 நிமிடம். தமிழ் நேசன் காய்ந்தே இருந்தது.

தட்டுக் கம்பியில் பூச்சு உரிந்து துரு எட்டிப் பார்க்கிற இடம் பதினேழு இருக்கிறது, எண்ணினேன். அதைத் தனியாகக் கேட்கிறேன்.

#35 பிறை வயர்மேன்

எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். டபுள் போல் சுவிட்சுக்குப் பக்கத்தில் 15 ஆம்பியர் உருண்டை முள் சாக்கெட் போடச் சொல்லி அடம் பிடித்தார். வெட்டிப் போட்ட பழைய பிளக்கைக் குப்பையில் போடவில்லை, மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். முள் மூன்றையும் தேய்த்து, உள்ளே புதுக் கம்பி போட்டு மாட்டினேன். பிடி இறுக்கமாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகும் கையில் சூடு தெரியவில்லை.

#36 தைப்பிங் மழை

இழையை முழுக்க ஒரே மூச்சில் படித்தேன். எங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் இதே மாதிரி ஒன்று கிடக்கிறது, உள்ளே கோழி அடை காக்கிறது. கதவு இல்லை. யாருக்காவது வேண்டுமா?

#37 டப்பாடைமர்

தகட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். கோழி எழுந்த பிறகு எடுத்தால் போதும்.